நெருக்கடியில் விரல் எங்கே போகிறது: கால்பந்து வீடியோ கேம் போட்டிகளில் வலுவான எதிராளியை நோட்டமிட்டு வெல்வதற்கான முழுமையான வழிகாட்டி

கணினியை உயர்ந்த கடினநிலையில் வெல்பவர்கள், நண்பர்களிடம் அரிதாகவே தோற்பவர்கள், ஆனால் சென்னையில் வேளச்சேரியிலோ அண்ணா நகரிலோ நடக்கும் கேமிங் பார்லர் போட்டியில் இரண்டாவது மூன்றாவது சுற்றைத் தாண்ட முடியாதவர்கள் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது. இவர்களுடைய விரல் வேகத்தில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. எதிரில் இருப்பவரைக் கவனிக்காமலே ஆடுகிறார்கள். கவனிப்பவர்களோ, கவனித்ததை எல்லாம் ஒரே ஆட்டத்தில் பயன்படுத்த முயன்று தங்கள் சொந்த ஆட்டத்தையும் இழந்துவிடுகிறார்கள்.

இங்கே சொல்லப்படும் முறை ஒரே கேள்வியைச் சுற்றி அமைந்தது: நெருக்கடி வரும்போது இவர் முதலில் எதைச் செய்கிறார்? தேர்ந்த ஆட்டக்காரருக்குப் பலவகை நகர்வுகள் தெரிந்திருக்கும். ஆனால் யோசிக்க நேரமில்லாத கணத்தில் விரல் தானாகப் போய் நிற்பது ஒன்றிலோ இரண்டிலோதான். அந்த முதல் விருப்பத்தை அடைத்துவிட்டால் அவர் இரண்டாவது விருப்பத்தைக் கொண்டு ஆட வேண்டியிருக்கும். அது எங்கே வரும் என்று தெரிந்து நீங்கள் காத்திருக்கலாம்.

பொத்தான் பெயர்கள் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரின் இயல்பான அமைப்பின்படி, இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்னும் கால்பந்து கேம் வரிசையை வைத்துத் தரப்பட்டுள்ளன. இ-ஃபுட்பால் என்னும் மற்றொரு கேமை ஆடுபவர்களுக்கும் நோட்டமிடும் வரிசை இதேதான்.

1. முதலில் உங்கள் ஆட்டம் நிலைபெற்றிருக்க வேண்டும்

எதிராளியைப் பற்றிக் குறிப்பெடுப்பதற்கு முன், நீங்கள் பழகிய ஒரு ஃபார்மேஷனும் (களத்தில் வீரர்களை அடுக்கும் முறை), தற்காப்புக் கோட்டின் உயரமும் (பின்வரிசை எவ்வளவு முன்னேறி நிற்கிறது என்பது) மாறாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் இவற்றை மாற்றிக்கொண்டே இருப்பவருக்கு, வாங்கிய கோல் எதிராளியின் திறமையால் வந்ததா, தம்முடைய புதிய அமைப்பின் ஓட்டையால் வந்ததா என்று பிரித்தறிய வழியே இருக்காது.

அடுத்தது தாமதம். தொலைக்காட்சியில் ஆடுபவர்கள் அதன் கேம் மோடை இயக்கியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் படத்தை மெருகேற்றும் வேலையில் திரை சற்றுப் பின்தங்கும். ஆன்லைன் ஆட்டத்துக்கு வைஃபையை விடுத்து லேன் கம்பியைப் பயன்படுத்துங்கள். சர்வர் தொலைவில் இருப்பதை நம்மால் மாற்ற முடியாது. இரவு எட்டு மணிக்கு வீடு முழுவதும் வீடியோ ஓடும்போது ரவுட்டரில் சேரும் தாமதத்தையாவது குறைக்கலாம். இதை முதலிலேயே சரிசெய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பந்தைப் பறிக்கும் டேக்கிள் பொத்தானை அழுத்திய பிறகு வீரர் தாமதமாகக் காலை நீட்டினால், எதிராளி உங்களை ஏமாற்றிவிட்டதாகத்தான் தோன்றும். இல்லாத திறமைக்குத் திட்டம் தீட்டுவீர்கள்.

நேரடிப் போட்டி என்றால் விதிகளை முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: பாதி ஆட்டம் எத்தனை நிமிடம், எந்த அணிகளுக்கு அனுமதி, கேமரா கோணத்தை யார் தேர்ந்தெடுப்பது, சொந்தக் கன்ட்ரோலரைக் கொண்டுவரலாமா. ஒரே திரையில் இருவர் ஆடும்போது நீங்கள் ஆட்டத்தை இடைநிறுத்தி மெனுவைத் திறந்து செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பக்கத்தில் இருப்பவரும் பார்க்கிறார். ஆகவே தேவைப்படும் அமைப்புகளை முன்பே உருவாக்கி வைத்து, ஆட்டத்தின் நடுவே டி-பேட் (கன்ட்ரோலரின் திசைப் பொத்தான்கள்) வழியாக மாற்றப் பழகுங்கள்.

2. எந்த ஆட்டங்களைப் பார்ப்பது

அவர் 5-0 என்று வென்ற ஆட்டத்தைப் பார்த்துப் பயனில்லை. அதில் அவருக்கு நெருக்கடியே வந்திருக்காது. தோற்ற ஆட்டங்களையும், ஒரு கோல் வித்தியாசத்தில் தப்பிய ஆட்டங்களையும் தேடுங்கள். யூடியூபில் நேரலை செய்பவராக இருந்தால் அவருடைய பழைய ஒளிபரப்புகளில் இவை கிடைக்கும். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே எதிராளியின் நேரலையைத் திறந்து பார்ப்பது ஏமாற்று வேலை, அதைச் செய்யாதீர்கள்.

அவரோடு முன்பு மோதியிருந்தால் உங்கள் சொந்தப் பதிவே சிறந்த ஆவணம். பிளேஸ்டேஷன் 5-இல் கிரியேட் பொத்தானின் வழியாக அண்மைய 60 நிமிடம் வரையிலான ஆட்டத்தைச் சேமிக்கலாம். ஆனால் எவ்வளவு நீளம் சேமிக்க வேண்டும் என்பதை அமைப்புகளில் முன்கூட்டியே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். புதியவர்கள் பலர் கோல்களை மட்டும் வெட்டி வைத்துக்கொள்கிறார்கள். கோலுக்கு முந்தைய அரை நிமிடத்தில்தான் செய்தி இருக்கிறது, கோலில் இல்லை.

பார்லரிலும் கல்லூரி விழாவிலும் வேறொரு வசதி உண்டு. உங்கள் முறைக்காகக் காத்திருக்கும் நேரத்தில், அடுத்த சுற்றில் உங்களுக்கு வரக்கூடிய இருவரின் ஆட்டத்தைப் பின்னால் நின்று பார்க்கலாம். அந்த நேரத்தைப் பெரும்பாலானோர் கைப்பேசியில் கழிக்கிறார்கள். கைப்பேசியில் படம் பிடிக்க விரும்பினால் ஆடுபவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

3. பந்து அவரிடம் இல்லாதபோது கவனியுங்கள்

நோட்டமிடுதலில் மிக முக்கியமான படி இதுதான். பார்வையாளரின் கண் இயல்பாகவே பந்தைப் பின்தொடரும். முதல் முறை பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு, அவர் இயக்கும் வீரரின் தலைக்கு மேல் இருக்கும் குறியை மட்டும் பாருங்கள். தற்காப்பின்போது அந்தக் குறி யார் மீது இருக்கிறது, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது அவருடைய பழக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். வியாசர்பாடி போன்ற இடங்களில் உண்மையான மைதானத்தில் ஆடி வளர்ந்த பிள்ளைகள் இதை விரைவில் பிடித்துக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். பந்தில்லாத வீரரைப் பார்ப்பது அவர்களுக்குப் புதிதல்ல.

சிலர் சென்டர் பேக்கை (பின்வரிசையின் நடுவில் நிற்கும் தற்காப்பாளரை) கையில் எடுத்துக்கொண்டு பந்தை நோக்கி ஓடிவருவார்கள். பந்தை விரைவாகப் பறிப்பதால் இது அச்சமூட்டும். ஆனால் அவர் விட்டுவந்த இடம் காலியாக இருக்கும். எல்1 பொத்தானுடன் பாஸ் கொடுத்து, கொடுத்தவரையே அந்த இடைவெளிக்குள் ஓடவிட்டால், கணினி இயக்கும் மற்றொரு சென்டர் பேக் இருவரில் யாரைப் பிடிப்பது என்று திணறும்.

இன்னும் சிலர் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரை (பின்வரிசைக்கு முன்னால் நிற்கும் நடுக்கள வீரரை) மட்டும் இயக்கி, பின்வரிசையைக் கணினியிடம் விட்டுவிடுவார்கள். போட்டிகளில் முன்னேறுபவர்களில் இவர்களே அதிகம். வெல்லக் கடினமானவர்களும் இவர்களே. நடுவழியாக உள்ளே போக முயல்வது வீண். பந்தை ஒரு பக்கத்தில் சில பாஸ்கள் வைத்திருந்து, அந்த மிட்ஃபீல்டர் அந்தப் பக்கம் இழுபட்ட பிறகு மறுபக்க விங்கருக்கு (ஓரமாகத் தாக்கும் வீரருக்கு) மாற்றுங்கள். கணினி இயக்கும் ஃபுல் பேக் (ஓரத் தற்காப்பாளர்) உள்நோக்கிச் சுருங்கி நிற்பதால் வெளியே இடம் கிடைக்கும்.

மூன்றாவது வகையினர் ஆர்1 பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்து இரண்டாவது வீரரையும் பந்தின் மீது ஏவுவார்கள். பந்து வைத்திருப்பவரை இருவர் நெருக்கும்போது, அந்த இரண்டாவது வீரர் காக்க வேண்டியவர் தனியாக நிற்கிறார் என்று பொருள். ஆகவே நெருங்கி வருபவரைப் பார்க்காதீர்கள். அவர் எங்கிருந்து வந்தாரோ அந்த இடத்தைப் பாருங்கள். அங்கே கொடுக்கும் ஒரு நேரான பாஸ் இருவரையும் ஒருசேர ஆட்டத்திலிருந்து நீக்கிவிடும்.

டேக்கிள் பொத்தானை ஓயாமல் அழுத்துபவர்களும் உண்டு. அவர்களுக்கு எதிராக ஸ்கில் (ஏமாற்றிக் கடக்கும் கால் வித்தை) எதுவும் தேவையில்லை. பெனால்ட்டி பாக்ஸின் ஓரத்தில் ஓட்டத்தை நிறுத்தி, பந்தை உடலால் மறைத்துத் திரும்பினாலே போதும்.

4. பந்து அவரிடம் இருக்கும்போது மூன்று கணங்கள்

இரண்டாம் முறை பார்க்கும்போது அவருடைய தாக்குதல் முழுவதையும் எழுத வேண்டாம். மூன்று கணங்களில் மட்டும் வீடியோவை நிறுத்துங்கள்: கோல்கீப்பரிடமிருந்து பந்து வெளியேறும்போது, நடுக்களத்தில் அவருடைய வீரர் உங்கள் கோலுக்கு முதுகைக் காட்டியபடி நெருக்கப்படும்போது, பெனால்ட்டி பாக்ஸின் ஓரத்தில் வழி அடைபடும்போது. இம்மூன்றிலும் அவருக்கு யோசிக்க நேரமில்லை. எனவே அவர் செய்வது பழக்கத்திலிருந்து வருகிறது.

ஒவ்வொரு கணத்திலும் பந்து எங்கே போனது என்பதை இடது, வலது, பின்னால், நீண்ட பாஸ் என்று கோடுகளாகக் குறியுங்கள். பக்கத்திலேயே அப்போதைய கோல் கணக்கையும் எழுதுங்கள். முன்னிலையில் இருக்கும்போது பந்தைப் பின்னுக்குத் தள்ளி நேரம் கடத்துபவர், பின்தங்கியதும் எல்லாப் பந்தையும் வேகமான விங்கருக்கே அனுப்பக்கூடும்; கணக்கை எழுதாவிட்டால் இந்த இரண்டு மனிதர்களும் உங்கள் தாளில் ஒருவராகக் கலந்து குழப்புவார்கள்.

ஒரு நகர்வை இரண்டு முறை கண்டதும் வழக்கம் என்று முடிவு கட்டுவதே இங்கு நேரும் பொதுவான பிழை. வெவ்வேறு ஆட்டங்களில் திரும்பத் திரும்ப வந்தால்தான் அதை நம்பலாம். ஐயமிருந்தால் கேள்விக்குறி போட்டு வையுங்கள். ஆட்டத்தின் தொடக்கத்தில் சோதித்துக்கொள்ளலாம்.

5. குறிப்பைச் சுருக்குங்கள், இரண்டே மாற்றங்கள்

இப்போது உங்களிடம் ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ இருக்கும். அதை மூன்று வரிகளாக்குங்கள். ஒரு மாதிரி: “நெருக்கினால் வலது விங்கருக்கு உயரமான த்ரூ பால் (ஓடுபவருக்கு முன்னால் விடும் பாஸ்). பாக்ஸில் வழி அடைபட்டால் கோல் கோட்டுக்கு ஓடிக் கட்பேக் (பந்தைப் பின்னோக்கி நடுவுக்கு உருட்டுவது). தற்காப்பில் சென்டர் பேக்கை வெளியே இழுப்பார்.”

இந்த மூன்று வரிகளிலிருந்து தற்காப்பில் ஒன்று, தாக்குதலில் ஒன்று என இரண்டு மாற்றங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். மேற்கண்ட மாதிரிக்கு, இடது ஃபுல் பேக்கை முன்னேற விடாமல் நிறுத்துவது ஒன்று; பாஸ் கொடுத்தவரை ஓடவிடும் நகர்வை அதிகப்படுத்துவது மற்றொன்று. அதற்கு மேல் சேர்த்தால், ஒவ்வொரு முடிவுக்கும் முன் மூளை பட்டியலைத் தேடும். அந்த இடைவெளியிலேயே நல்ல எதிராளி உங்களைக் கடந்துவிடுவார். இரண்டு மாற்றங்களையும் போட்டிக்கு முன் ஒரு நண்பரோடு ஆடிப் பழகுங்கள். எதிராளியைப் போல ஆடும்படி அவரிடம் கேட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

6. அடிக்கடி எதிர்ப்படும் தாக்குதல்களுக்குப் பதில்

கட்பேக் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உள்ளூர்ப் போட்டிகளில் புதியவர்கள் வாங்கும் கோல்களில் இதுவே அலுக்காமல் திரும்ப வருகிறது. எதிராளி விங் வழியாகக் கோல் கோட்டின் அருகே ஓடுகிறார். நீங்கள் பதறி சென்டர் பேக்கை அவர் மீது அனுப்புகிறீர்கள். அவர் பந்தைப் பின்னோக்கி நடுப்பகுதிக்கு உருட்டுகிறார். அங்கே ஸ்ட்ரைக்கர் தனியாக நிற்கிறார். இதைத் தடுக்க, பந்து வைத்திருப்பவரைக் கணினி இயக்கும் ஃபுல் பேக்கிடம் விட்டுவிட்டு, நீங்கள் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டருக்கு மாறி, பந்துக்கும் பெனால்ட்டி புள்ளிக்கும் இடையிலான பாதையில் நில்லுங்கள். அந்தக் குறுகிய கோணத்திலிருந்து நேராகக் கோலுக்கு அடிப்பது கடினம். அருகிலுள்ள கம்பத்தைக் கோல்கீப்பர் காத்துக்கொள்வார். எதிராளிக்கு எளிதான வழி அடைபட்டு, கடினமான வழி மட்டும் திறந்திருக்கிறது. எஃப்சி 25 முதல் வீரர்களுக்கு ரோல் (களத்தில் அவர்களின் பங்கு) தரும் வசதி இருப்பதால், அந்த மிட்ஃபீல்டருக்குப் பின்னால் நின்று காக்கும் ஹோல்டிங் ரோலைக் கொடுத்துவைத்தால் நீங்கள் மாறும்போது அவர் ஏற்கெனவே அந்த வட்டாரத்தில் இருப்பார்.

பின்வரிசைக்கு மேலாக வரும் த்ரூ பாலுக்கு, ஓடுபவரைத் துரத்துவதே எல்லோரும் செய்வது. பாஸ் கொடுப்பவருக்கு நிமிர்ந்து திரும்ப நேரம் கொடுத்ததுதான் உண்மையான காரணம். அவரை ஒருவர் நெருக்கட்டும். தற்காப்புக் கோட்டை சற்று இறக்குங்கள். பந்து மேலே போன பிறகு சென்டர் பேக்கை ஓடவிடும்போது, ஓடுபவரை நோக்கி ஓடாமல் அவருக்கும் கோலுக்கும் இடைப்பட்ட இடத்தை நோக்கி ஓடுங்கள். வேகத்தில் தோற்றாலும் தூரத்தில் வெல்லலாம்.

ஸ்கில் அதிகம் செய்பவரிடம் எல்2 பிடித்து எதிர்கொண்டு நின்று பின்வாங்குங்கள். ஒவ்வொரு ஸ்கில்லுக்கும் முடிவில் பந்து காலைவிட்டுச் சற்று விலகும். டேக்கிளுக்கு உரிய நேரம் அது. நடுவில் காலை நீட்டினால் அவர் எதிர்பார்த்ததைச் செய்து கொடுத்தவராவீர்கள்.

உங்கள் பாதிவரை முன்னேறி வந்து நெருக்கும் அணிக்கு எதிராக, சொந்தப் பாக்ஸில் அலங்காரமாக ஆடாதீர்கள். ஸ்ட்ரைக்கரை இறங்கிவரச் செய்து அவருக்கு ஒரு நேரான பாஸ், அவரிடமிருந்து முன்னோக்கிப் பார்க்கும் மிட்ஃபீல்டருக்கு ஒரு பாஸ், அங்கிருந்து விங். இடைவிடாத பிரஸ் (நெருக்குதல்) வீரர்களின் உடல்திறனைத் தின்றுவிடும் என்பதால், முதல் பாதியில் கோல் வாங்காமல் தாக்குப்பிடிப்பதே பாதி வெற்றி. இ-ஃபுட்பாலில் குவிக் கவுண்ட்டர் (விரைந்து எதிர்த்தாக்கும்) முறையில் ஆடும் அணிகளிடமும் இதே பொறுமை உதவும்.

பந்தைப் பின்னால் உருட்டி நேரம் கடத்துபவர் எரிச்சலூட்டுவார், அதற்காகத்தான் செய்கிறார். ஒரே வீரரைக் கொண்டு துரத்தாமல், பின்னோக்கிப் போகும் பாஸின் பாதையில் நின்று அவரைக் கோட்டோரம் தள்ளுங்கள்.

7. முதல் 15 நிமிடம்: ஊகத்தைச் சோதித்தல்

பாதிக்கு ஆறு நிமிடம் ஓடும் ஆட்டத்தில் திரையில் காட்டும் ஒரு நிமிடம் என்பது உண்மையில் 8 விநாடி. அதாவது முதல் 15 நிமிடம் உங்களுக்கு இரண்டு நிமிட நேரம் மட்டுமே. அதைக் கோல் தேடுவதற்குச் செலவிடாமல் கேள்வி கேட்பதற்குச் செலவிடுங்கள். பந்தைப் பின்வரிசையில் சுற்றவிட்டு அவர் நெருக்க வருகிறாரா என்று பாருங்கள். ஒருமுறை அவருடைய மிட்ஃபீல்டரை வேண்டுமென்றே நெருக்கி, பந்து குறிப்பில் உள்ள இடத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். போனால் திட்டம் தொடரலாம். போகவில்லை என்றால் குறிப்பை விட்டுக் கண்ணை நம்புங்கள். முன்பு எழுதிவைத்தோமே என்பதற்காக, கண்முன் நடக்காததற்குக் காவல் நிற்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

ஆன்லைனில் முன்பின் தெரியாதவர் வந்தால் இந்த இரண்டு நிமிடமே முழு நோட்டமும். ஆட்டம் தொடங்கும் முன் காட்டப்படும் அணி வரிசையில் விங்கர்களின் வேகத்தையும் ஸ்ட்ரைக்கரின் உயரத்தையும் பாருங்கள். இவற்றை அவர் காரணத்தோடுதான் தேர்ந்தெடுத்திருப்பார். ஆனால் அங்கே காட்டப்படும் ஃபார்மேஷனை நம்பிவிடாதீர்கள். 4-4-2 என்று காட்டிவிட்டு, பந்து உருண்டதும் டி-பேட் வழியாக வேறொன்றுக்கு மாறுவது வழக்கமான தந்திரம். திரையின் கீழே உள்ள ரேடாரில் (களத்தின் சிறு வரைபடத்தில்), உங்கள் கோல்கீப்பரிடம் பந்து இருக்கும்போது அவருடைய புள்ளிகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பார்த்தால் உண்மையான அமைப்பு தெரியும்.

8. நடுவே எப்போது மாற்றுவது

ஒரு கோல் வாங்கியதற்காக எதையும் மாற்ற வேண்டாம். பந்து எதிலோ பட்டுத் திரும்பி உள்ளே போகும் கோல்கள் எல்லா ஆட்டத்திலும் உண்டு. ஒரே வழியில் இரண்டாவது அபாயம் வந்தால், அது கோலாகாவிட்டாலும், அந்த வழியை மட்டும் அடையுங்கள்.

எதிராளியும் உங்களை வாசிக்கிறார் என்பதை மறக்கலாகாது. முதல் பாதியில் பலித்த நகர்வு இரண்டாம் பாதியில் ஒருமுறை முறியடிக்கப்பட்டால், அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று கொள்ளுங்கள். அதற்காகவே உங்கள் இரண்டாவது தாக்குதல் வழியை திரையில் காட்டும் முதல் 60 நிமிடத்தில் காட்டாமல் வைத்திருப்பது நல்லது. 65-ஆவது நிமிடத்தை ஒட்டி, களைத்த அவருடைய ஃபுல் பேக்கின் எதிரே புதிய விங்கரை இறக்கி, அப்போது அதைத் திறங்கள்.

கோல் அடித்தவுடன் வரும் கிக்-ஆஃபில் நிதானம் தவறுகிறது. அடித்த மகிழ்ச்சியில் கை முன்னேறும். எதிராளி நேராக நடுவழியாக ஓடிவருவார். அந்த நேரத்தில் மிட்ஃபீல்டரைக் கையில் வைத்துப் பின்வாங்குங்கள், அவ்வளவுதான்.

கடைசிப் பத்து நிமிடம் என்பது வெறும் 80 விநாடி. முன்னிலையில் இருப்பவர்கள் உடனே முழுத் தற்காப்பு அமைப்புக்குத் தாவுகிறார்கள். பழகாத அந்த அமைப்பில் பின்வரிசை பாக்ஸுக்குள்ளேயே ஒடுங்கிவிடும். வெளியே ஃபினெஸ் ஷாட்டுக்கும் (வளைத்து அடிக்கும் ஷாட்) உள்ளே கட்பேக்குக்கும் இடம் தானாக உருவாகும். ஆட்டம் முழுவதும் பலித்த அமைப்பிலேயே இருந்து, கோட்டை மட்டும் சற்று இறக்கிப் பந்தை வைத்திருங்கள்.

9. கார்னர், பெனால்ட்டி

கார்னரில் அவர் குறுகிய பாஸ் கொடுப்பவரா, அருகிலுள்ள கம்பத்துக்கு அடிப்பவரா என்று ஒரு வரி போதும். பெனால்ட்டியில் முன்பு அடித்த பக்கங்களைக் குறித்திருந்தால், ஷூட்-அவுட்டில் முதல் அடிக்கு அந்தப் பக்கமே பாயுங்கள். அதன்பின் அவர் மாற்றிக்கொள்வார் என்பதால் குறிப்புக்கு மதிப்பில்லை. நீங்கள் அடிக்கும்போது, ஒரே திரையாக இருந்தால், அனலாக் குச்சியைத் தள்ளும் கை எதிராளியின் ஓரக்கண்ணில் படாதபடி கன்ட்ரோலரை மடியோடு ஒட்டி வையுங்கள்.

10. ஆட்டம் முடிந்த பிறகு

வென்றாலும் தோற்றாலும், அன்றிரவே மூன்று வரிகளில் எது சரியாக இருந்தது, எது பொய்த்தது என்று குறியுங்கள். சென்னையில் போட்டி ஆடுபவர்களின் வட்டம் பெரிதல்ல. அதே முகங்கள் வெவ்வேறு பார்லர்களில் மறுபடி எதிர்ப்படும்.

குறிப்பின் மேல் தேதியையும் விளையாட்டின் பதிப்பையும் எழுத மறக்காதீர்கள். புதுப்பிப்பு வந்ததும் ஷாட், பாஸ், டேக்கிள் ஆகியவற்றின் வலிமை மாறக்கூடும். ஃபினெஸ் ஷாட்டுக்கு அஞ்சி நீங்கள் எழுதிய வரி ஒரே வாரத்தில் பழையதாகலாம். அந்த வரிகளை அடித்துவிட்டு, அவர் நெருக்கப்பட்டால் எந்தப் பக்கம் திரும்புவார், எந்த வீரரை இழுத்து வருவார் என்ற வரிகளை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அவர் எதிரே அமரும்போது, முதல் இரண்டு நிமிடத்தில் சோதிக்க வேண்டியவை அவைதான்.